ஒரு தகரப் பெட்டி போன வழி

முதல் நாள்: பர்மிங்ஹாம்

மகள் வேலை பார்க்கும் ஊர் இது. பேரனைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு முப்பது வருஷ ஆசை. கோவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மைக்ரோவேவ் பாடம் எடுத்தவன் நான். வருஷா வருஷம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி எட்டுச் சின்ன வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றும் நடுவட்டத்துக்குள் திறக்கிற மாதிரி ஓர் இடுக்கு வரைவேன். அதுதான் கேவிட்டி மேக்னட்ரான். நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான். அது பிறந்த இடம் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரேடாருக்கென்று பிறந்து, 1940ல் ரகசியமாக ஒரு தகரப் பெட்டியில் அமெரிக்காவுக்குப் போனதும் அதுதான்.

"களைப்பு தீரட்டும்ப்பா, நாளைக்குப் போலாம்" என்றாள் மகள். நான் விடவில்லை. யூனிவர்சிட்டி என்றே பெயர் வைத்த ஸ்டேஷனில் இறங்கி, நெட்டையாக நிற்கும் மணிக்கூண்டை நோக்கி நடந்தால் பாயின்டிங் கட்டடம் வந்துவிடுகிறது. செங்கல் கட்டடம். ஜான் ராண்டால், ஹாரி பூட் என்ற இருவரும் 1940 பிப்ரவரி 21 அன்று முதல் மேக்னட்ரானை ஓட்டியது இங்கேதான். நான் கொஞ்ச நேரம் சுவரைத் தொட்டுக்கொண்டே நின்றேன். மகளும் அவசரப்படுத்தவில்லை.

பேனா மூடியின் வாயில் ஊதினால் விசில் வருமே, அதே கதைதான் இதுவும். செம்புக் கட்டியில் துளைத்த ஓட்டைகள்தான் பேனா மூடிகள். நடுவில் உள்ள கம்பியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைத்துச் சுழற்ற, அவை ஓட்டைகளின் வாயை உரசிக்கொண்டு ஓடும்போது மின்காந்த அலை பிறக்கிறது. ஓட்டையின் அளவுதான் அலையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இவர்களுக்குக் கிடைத்தது 9.8 சென்டிமீட்டர்.

முந்தைய கோடையில் ராண்டால் வேல்ஸ் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்துக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். அங்கே ஒரு புத்தகக் கடையில், ரேடியோ அலையை முதலில் உருவாக்கிக் காட்டிய ஹெர்ட்ஸின் ஆய்வுகளுடைய மொழிபெயர்ப்பு கிடைத்தது. ஹெர்ட்ஸ் வளையம் ஒன்றை அதிரவைத்த விதம் அவர் மனசில் தங்கிவிட்டது. அந்த வளையத்தை நீட்டினால் உருளை ஓட்டை. பிப்ரவரியில் கருவியை ஓட்டியபோது எவ்வளவு சக்தி வருகிறது என்று அளக்க ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டினார்கள். பல்பு எரிந்தே போனது. இன்னும் பெரிய பல்பு, அதுவும் போனது. கணக்குப் போட்டால் 400 வாட்டுக்குக் கிட்ட. அந்த அலைநீளத்தில் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு சக்தியை எடுத்ததில்லை. இந்தப் பல்பு கதையை நான் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இங்கேயே இன்னொரு கதையும் நடந்தது. துறைத் தலைவர் மார்க் ஆலிஃபண்ட் ஆஸ்திரேலியர். அவரிடம் ஹிட்லருக்குத் தப்பி வந்த இருவர் இருந்தார்கள்: ஆட்டோ ஃப்ரிஷ், ருடால்ஃப் பைரல்ஸ். அந்நிய நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் ரேடார் ரகசியத்தில் அவர்களைச் சேர்க்கவில்லை. சரி, நமக்கு ரகசியமில்லாத விஷயத்தையே யோசிப்போம் என்று யுரேனியத்தை எடுத்துக்கொண்டார்கள். 1940 மார்ச்சில் அவர்கள் எழுதிய குறிப்பு, சில கிலோ யுரேனியம் 235 இருந்தால் அணுகுண்டு சாத்தியம் என்றது. அதிலிருந்து வளர்ந்த அறிக்கை அமெரிக்காவுக்குப் போய், பதிலே வராததால் 1941 ஆகஸ்டில் ஆலிஃபண்ட் தானே விமானம் ஏறினார். அங்கே பொறுப்பிலிருந்த லைமன் பிரிக்ஸ் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தார். சொந்தக் குழுவினருக்குக்கூடக் காட்டவில்லை. காகிதத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆலிஃபண்ட் ஊர் ஊராகப் போய் விஞ்ஞானிகளை உலுக்கிய பிறகுதான் அங்கே சூடு பிடித்தது.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. பேரன் தூங்கிவிட்டான்.

இரண்டாம் நாள்: ஆக்ஸ்ஃபோர்டு

இன்று மேக்னட்ரானை விட்டு ஒரு கிளைப் பாதை, அதே போல அமெரிக்காவுக்குப் போன இன்னொன்றைத் தேடி. தனியாகத்தான் வந்தேன்.

பிராட் தெருவில் அறிவியல் வரலாற்று மியூசியம் இருக்கிறது. ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகை முன்னால் கூட்டம். நான் தேடிப் போனது பென்சிலின் வளர்த்த பீங்கான் பாத்திரத்தை. தட்டையாக, மூக்கு வைத்து, ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு வைக்கும் பாத்திரம் போலவே இருக்கிறது. உண்மையில் அந்தப் பாத்திரங்களையே முதலில் பயன்படுத்தினார்கள், பிறகுதான் நார்மன் ஹீட்லி இந்த வடிவத்தை வரைந்து குயவர்களிடம் செய்யச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வசதியாக இருந்தது.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். அப்புறம் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினை மீட்டு மறுபடி ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார். பாத்திரத்தில் வளர்த்தால் ஊருக்குப் போதாது என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் கற்றிருக்க மாட்டார்கள்.

குண்டு விழும் பிரிட்டனில் பெரிய தொழிற்சாலை கட்ட வழியில்லை. ஜூன் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் தலைவர் ஹோவர்ட் ஃப்ளோரியும் ஹீட்லியும் பூஞ்சையை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார்கள். இலினாய்ஸ் மாநிலத்துப் பியோரியா ஊரிலிருந்த அரசு விவசாய ஆய்வகத்தில் வேலை தொடங்கியது. மக்காச்சோள ஸ்டார்ச் எடுக்கும்போது மிஞ்சும் ஊறல் நீரை ஊற்றினால் பூஞ்சை பல மடங்கு அதிகம் சுரந்தது. பாத்திரத்துக்குப் பதில் பெரிய தொட்டிகளில், காற்று செலுத்திக் கலக்கி வளர்க்கும் முறை வந்தது. அங்கேயே சந்தையில் கிடைத்த, பூஞ்சை பிடித்த ஒரு முலாம்பழம் இன்னும் வீரியமான ரகத்தைக் கொடுத்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் படை இறங்குவதற்குள் சுமார் 23 லட்சம் டோஸ் தயார்.

இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் காப்புரிமை எடுக்கவில்லை. உற்பத்தி முறைகளுக்கு அமெரிக்கர்கள் எடுத்தார்கள். பிரிட்டனில் இதைப் பல காலம் சொல்லிக் குமுறினார்கள். குமுறியதில் எனக்கு வியப்பில்லை.

மாக்டலன் கல்லூரிக்கு எதிரே பென்சிலின் ஆய்வாளர்கள் நினைவாக ஒரு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்: லண்டன்

சயன்ஸ் மியூசியத்தில் முதல் மேக்னட்ரானைப் பார்த்துவிட்டேன். இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது பட்டறையில் கடைந்த ஒரு செம்புக் கட்டி, அவ்வளவுதான். பளபளப்பே இல்லை. காற்று புகாமல் அரக்கு வைத்து அடைத்து, பம்பை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே வேலை வாங்கியிருக்கிறார்கள். இதை விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்றுகிற மாதிரி மாற்றியவர் வெம்ப்ளியில் ஜி.இ.சி. கம்பெனியின் ஆய்வகத்திலிருந்த எரிக் மெகா.

அவருக்குக் கிடைத்த உதவி எங்கிருந்து என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 1940 மே 8 அன்று மாரிஸ் போன்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரிசிலிருந்து தங்கள் மேக்னட்ரானுடன் வெம்ப்ளிக்கு வந்தார். அதன் கேத்தோடு, அதாவது எலக்ட்ரான்களைக் கிளப்பும் நடுப்பகுதி, ஆக்சைடு பூசியது. மெகா அந்த யோசனையைத் தன் கருவியில் சேர்த்துக்கொண்டார், சக்தி பல மடங்கு ஏறியது. மே 10 அன்று ஜெர்மனி மேற்கே பாய்ந்தது. அடுத்த மாதம் பாரிஸ் வீழ்ந்தது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியேதான் மியூசியத்தை விட்டு வெளியே வந்தேன்.

மதியம் ஹைட் பார்க்கில் உட்கார்ந்திருந்தபோது பழைய மாணவர் ஒருவரின் வாட்ஸ்அப் வந்தது. முதல் நாள் பதிவைப் படித்திருக்கிறார். "சார், அமெரிக்கா அப்போ போரிலேயே இல்லையே. இவ்வளவு பெரிய ரகசியத்தைச் சும்மாவா கொடுத்தாங்க?" என்று கேட்கிறார். வகுப்பிலும் கேள்வி கேட்பவர்தான்.

ஆமாம், சும்மாதான் கொடுத்தார்கள். அது லேசில் நடக்கவில்லை. ஏ.வி. ஹில் என்ற உடலியல் விஞ்ஞானி 1940 தொடக்கத்தில் வாஷிங்டன் தூதரகத்தில் இருந்துகொண்டு, பேரம் பேசாமல் நம்மிடம் இருப்பதைத் திறந்து காட்டுவோம் என்று திரும்பத் திரும்ப எழுதினார். (இதே ஹில்தான் 1943 கடைசியில் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டில் அறிவியல் ஆராய்ச்சியை எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்று அறிக்கை கொடுத்தவர்.) விமானப்படைக்கு அறிவியல் ஆலோசனை சொன்ன ஹென்றி டிசார்டும் அதே கட்சி. பின்னால் ரகசியங்களுடன் அமெரிக்கா போன குழுவுக்கு அவர்தான் தலைவர். சர்ச்சில் தயங்கினார். ரகசியம் ஒன்றுக்கு ஈடாக ரகசியம் ஒன்று என்று போகலாமே என்ற எண்ணமும் அரசில் இருந்தது. பிரான்ஸ் விழுந்த பிறகு தூதர் லோதியன் பிரபு ஜூலை 8 அன்று ரூஸ்வெல்ட்டுக்கு எழுதி வழியைத் திறந்தார். கையில் ஐடியா இருந்தது, அதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளத் தொழிற்சாலை இல்லை. டிசார்ட் கணக்கு அதுதான்.

எல்லாம் சமமாகப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். நார்டென் என்ற குண்டு குறிபார்க்கும் கருவியைப் பிரிட்டன் கேட்டது, அமெரிக்கா தரவில்லை. அணு விஷயத்தில் 1943 ஆகஸ்டில் கியூபெக் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். போர் முடிந்து 1946ல் அமெரிக்கா மெக்மேன் சட்டம் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டது. இவ்வளவும் தெரிந்த பிறகும், முதலில் கையை நீட்டியவர்கள் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைத்தான் மாணவருக்கும் எழுதினேன்.

சாயங்காலம் மார்பிள் ஆர்ச் வரை நடந்தேன். அங்கே பழைய கம்பர்லேண்ட் ஹோட்டல் கட்டடம் நிற்கிறது. 1940 ஆகஸ்ட் 28 இரவு டிசார்ட் குழுவில் ஒருவரான எட்வர்ட் போவென் என்ற இளம் ரேடார் விஞ்ஞானி, வேல்ஸ்காரர், இங்கே தங்கினார். பத்திரம் வைக்கிற மாதிரி ஒரு கறுப்புத் தகரப் பெட்டி அவரிடம். உள்ளே மெகா செய்த மேக்னட்ரானில் 12ஆம் எண், கூடவே பிரிட்டனின் மற்ற ரகசியக் காகிதங்கள். ஹோட்டல் பெட்டகத்தில் பெட்டி நுழையவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தார். அன்று அவர் தூங்கியிருப்பாரா?

நான்காம் நாள்: வொர்த் மேட்ராவர்ஸ்

வாட்டர்லூவிலிருந்து வேர்ஹாம் வரை ரயில், பிறகு டாக்ஸி. தென்கடற்கரையில் கல்வீடுகளாலான சின்னக் கிராமம் இது. 1940 மே மாதம் ரேடார் ஆய்வு நிலையத்தை இங்கே கொண்டுவந்தார்கள். ஊரிலிருந்து செயின்ட் ஆல்ட்ஹெல்ம்ஸ் ஹெட் என்ற முனை வரை நடந்தேன். ஒரு பக்கம் ஆடுகள், மறுபக்கம் நேர்க்குத்தாகக் கடல். காற்று ஆளைத் தள்ளுகிறது. குடை இரண்டே நிமிஷத்தில் மடங்கிப் போனது.

முனையில் எஃகில் செய்த நினைவுச் சின்னம் ஒன்று. இரண்டு ரேடார் தட்டுகள் எதிரெதிரே நின்று, பழங்காலத்தில் எதிரி வருகிறான் என்று தீ மூட்டும் கூடை போல அமைந்திருக்கிறது. 2001ல் பெர்னார்ட் லவல் திறந்துவைத்தது. அவரே இங்கே வேலை பார்த்தவர். பக்கத்தில் சதுரமான ஒரு பழைய சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் காற்றுச் சத்தம் அப்படியே நின்றது.

இங்கே நடந்த ஒரு சோதனையை நான் பாடத்தில் சொன்னதே இல்லை, எனக்கே பின்னால்தான் தெரிந்தது. ஆகஸ்ட் 12 அன்று 10 சென்டிமீட்டர் அலையில் ஒரு விமானத்தின் எதிரொலி கிடைத்தது. மறுநாள் ஓர் உதவியாளரைக் கையில் தகரத் தகடு கொடுத்து, சைக்கிளில் பாறை விளிம்போரமாகப் போகச் சொன்னார்கள். தரையிலிருந்து திரும்பும் எதிரொலியில் அவர் மறைந்துபோவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சைக்கிள் துல்லியமாகத் திரையில் தெரிந்தது. அப்போது விமானங்களில் இருந்த ரேடார் ஒன்றரை மீட்டர் அலையில் ஓடியது. அந்தக் கற்றை பரந்து போய்த் தரையிலும் பட்டுத் திரும்பும், தாழப் பறந்தால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். 10 சென்டிமீட்டர் என்றால் சின்னத் தட்டு போதும், கற்றை டார்ச் வெளிச்சம் போலக் குவிந்து போகும். சைக்கிளும் தெரியும், கடல்மட்டத்தில் நீர்மூழ்கியின் கோபுரமும் தெரியும்.

அதற்கு அடுத்த நாள், ஆகஸ்ட் 14, டிசார்ட் விமானம் ஏறினார்.

அந்தப் பாதையில் சைக்கிள் போன இடம் எது என்று சரியாகச் சொல்ல யாரும் இல்லை. நான் விளிம்போரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஐந்தாம் நாள்: யூஸ்டன், லிவர்பூல்

மகள் லீவு போட்டுவிட்டு லண்டனுக்கே வந்துவிட்டாள். "பெட்டி போன ரயில்லயே போலாம்ப்பா" என்றாள். யூஸ்டனிலிருந்து லிவர்பூல்.

ஆகஸ்ட் 29 காலை போவென் டாக்ஸி பிடித்தார். பெட்டியை உள்ளே வைக்க டிரைவர் மறுத்துவிட்டார், மேலே கட்டிவிட்டார். பிரிட்டனின் மிகப் பெரிய ரகசியம் டாக்ஸிக் கூரையில் லண்டனைச் சுற்றி வந்தது. யூஸ்டனில் ஒரு போர்ட்டர் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடினார். போவென் மற்ற மூட்டைகளுடன் பின்னால் ஓட, கூட்டத்தில் ஆள் கண்ணிலிருந்து மறைந்தே போனார். ஒருவழியாக ரயிலில் பெட்டியைக் கண்டுபிடித்தார். இன்றைய யூஸ்டன் வேறு கட்டடம், அந்தப் பழைய ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள். ஆனால் பிளாட்பாரம் எண் பலகையில் விழுந்ததும் ஜனம் மொத்தமாக ஓடுவதைப் பார்த்தபோது எனக்குப் போவென்தான் நினைவுக்கு வந்தார்.

வழியில் பிளெட்ச்லி ஸ்டேஷன் ஓடி மறைந்தது. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த இடம். அங்கே இறங்க நேரமில்லை, ஆனால் போலந்துக்காரர்களைச் சொல்லாமல் போகக் கூடாது. ரெயெவ்ஸ்கி என்ற கணிதவியலாளரும் அவருடைய இரண்டு தோழர்களும் பல வருஷம் உழைத்துக் கண்டதை 1939 ஜூலையில் வார்சா அருகே ஒரு காட்டில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அப்படியே கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் ஜெர்மனி அவர்கள் நாட்டுக்குள் புகுந்தது. கொடுத்தவர்களில் மிகக் குறைவாகத் திரும்பப் பெற்றவர்கள் அவர்கள்தான்.

லிவர்பூலில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். கப்பலின் பெயர் டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட். செப்டம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது. 19ஆம் தேதி இரவு வாஷிங்டனில் ஆல்ஃப்ரெட் லூமிஸ் என்ற செல்வந்தர் தங்கியிருந்த ஹோட்டல் அறையில், குழுவிலிருந்த இயற்பியலாளர் காக்கிராஃப்டும் போவெனும் பெட்டியிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அமெரிக்கர்களும் நுண்ணலை ரேடார் செய்யத்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவர்களிடமிருந்த கருவிகளைவிட இது ஆயிரம் மடங்கு சக்தி தந்தது. சில வாரங்களிலேயே எம்.ஐ.டி.யில் கதிர்வீச்சு ஆய்வகம் உருவானது. உச்சத்தில் அங்கே சுமார் 4,000 பேர் வேலை பார்த்தார்கள்.

சாயங்காலம் வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் மியூசியம் போனோம். அட்லாண்டிக் போரை நடத்திய நிலத்தடி அறை. சுவர் முழுக்க வரைபடம், அதன்மேல் கப்பல்களை நகர்த்த ஏணி. 1943 மார்ச்சில் 10 சென்டிமீட்டர் ரேடார் வைத்த விமானங்கள் கடல்மேல் பறக்கத் தொடங்கின. ஜெர்மானியரின் எச்சரிக்கைக் கருவி அந்த அலையைக் கேட்கவே இல்லை. மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகளை இழந்து, ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் தன் கப்பல்களை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கினார். சங்கேதம் உடைத்தவர்கள், நீண்டதூர விமானங்கள், காவல் கப்பல்கள் எல்லாம் சேர்ந்த வெற்றி அது. ஆனால் அந்தப் பெரிய வரைபடத்தின் முன்னால் நின்றபோது, பெட்டிக்கும் அதில் பங்கு உண்டு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட் போருக்குப் பிறகு பெயர் மாறி, 1953ல் இதே லிவர்பூல் துறையில் தீப்பிடித்துச் சாய்ந்துபோனது. போவென் ஆஸ்திரேலியா போய் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியைக் கட்ட முன்னின்றார். அதற்கு அமெரிக்க அறக்கட்டளைகளிடம் பணம் திரட்ட முடிந்தது, போர்க்கால நண்பர்கள் கைகொடுத்ததால்.

திரும்பும் ரயிலில் மகளிடம் என் கடைசிக் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் பெல் ஆய்வகம் மேக்னட்ரானை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. கூட வந்த வரைபடத்தில் ஆறு ஓட்டை, எக்ஸ்ரேயில் எட்டு. போவென் திகைத்துப்போய்க் கடல்கடந்து மெகாவுக்கு டெலிபோன் செய்தார். முதல் பத்துக்கும் ஆறு ஓட்டை, 11ஆம் எண்ணுக்கு ஏழு, 12ஆம் எண்ணுக்கு எட்டு என்று மாற்றிப் பார்த்ததாகவும், வரைபடத்தைத் திருத்த மறந்ததாகவும் மெகா சொன்னார். அமெரிக்கா பார்த்துச் செய்தது எட்டு ஓட்டை உள்ளதை.

மகள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வட்டம் போட்டாள். "எத்தனை ஓட்டை போடட்டும்ப்பா?"

"எட்டு போடு கண்ணு" என்றேன். இடுக்குகளை நான் வரைந்து கொடுத்தேன்.